இரும்பு செம்பான கதை



வெற்றிலைக் கொடிக்காலும் எலுமிச்சைத் தோட்டமும் வைத்திருப்போர் போர்டோக் கலவை என்னும் மருந்தை நன்கு அறிவர். துருசையும் சுண்ணாம்பையும் தனித்தனியே நீரில் கரைத்துப் பின்னர் ஒன்றாகக் கூட்டுவதே அம்மருந்து. பிரான்சு நாட்டுப் போர்டோ நகரப் பேராசிரியர் மில்லார்டே, திராட்சைக் கொடிகளைப் பீடித்த நோய்க்கு மாற்றாக 1885-ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டார். இதைக் கலப்போருக்கு இரண்டு எச்சரிக்கைகள் சொல்லப்படுவதுண்டு. துருசை இரும்புப் பாத்திரத்தில் கரைக்கலாகாது. மண்பானையோ மரத்தொட்டியோ வேண்டும் என்பது ஒன்று. கலவை ஆனதும், நன்கு தீட்டிய கத்தியொன்றை அதில் சிறிது நேரம் தோய்த்து எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மற்றொன்று. கத்தியின் மேல் செந்நிறம் படிந்திருந்தால் சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். இன்னும் சிறிது சேர்க்க வேண்டும். கத்தி வெள்ளையாகவே இருந்தால் மருந்து இலைக்குத் தீங்கு செய்யாது.

கத்தியில் படிந்த அந்தச் செந்நிறம் யாது? அது செம்பு; கலப்பற்ற நல்ல செம்பு. அப்படியானால் கத்தியின் இரும்பு செம்பாக மாறிவிட்டதா? சிறுபிள்ளை கேட்கக்கூடிய கேள்விதான். ஆனால் இக்கேள்விக்குத் தீர்ந்த விடை காண மனித குலத்துக்கு 1,700 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அரசர்களும் யோகிகளும் சுரங்கத் தொழிலாளரும் அறிஞர்களும் இதே காட்சியைக் கண்டார்கள். கண்டவர் தத்தம் மனத்துக்கு இசைந்த பொருளை அதற்குக் கற்பித்தார்கள். நீரில் கரைந்து மறைந்திருக்கும் உலோகத்தைப் பொடியாகத் திரும்பப் பெறும் கலை இந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது. அக்கலையின் வரலாற்றையே இன்று சொல்ல எண்ணுகிறேன்.

நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு சீன நாட்டது. கிறிஸ்து பிறப்பதற்கு முன் இரண்டாம் நூற்றாண்டில் ஹுவாய்நான் என்னும் சிற்றரசை லியு ஆன் என்பவர் ஆண்டார். அவருடைய அவையைச் சேர்ந்தோர் தொகுத்த நூலொன்றில், ஒருவகை நீலக்கல் இரும்பைச் சேர்ந்தால் செம்பாகிவிடும் என்ற செய்தி காணப்படுகிறது. அந்நீலக்கல் செம்பின் தாதுப்பொருள்களுள் ஒன்று. செய்தி ஒரே வரிதான், விளக்கம் இல்லை.

நானூறு, ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தன. கோ ஹோங் என்னும் சீன அறிஞர் கி.பி. 283 முதல் 343 வரை வாழ்ந்தவர். சாவாமை தரும் மருந்தையும் பொன் செய்யும் வழியையும் வாழ்நாள் முழுவதும் தேடியவர் அவர். நம் சித்தர் மரபில் வாதம் என்று சொல்லப்படும் கலையில் ஊறியவர் என்று அவரைச் சொல்லலாம். நீலக்கல்லை இரும்பின்மேல் பூசினால் இரும்பு செம்புபோல் சிவக்கிறது என்று அவரும் எழுதினார். ஆனால் அத்துடன் அவர் நிற்கவில்லை. புறம் மாறியிருக்கிறது, அகம் மாறவில்லை என்றும் சேர்த்து எழுதினார். ஒரு பொருள் மற்றொரு பொருளாக மாறவேண்டும் என்று எவரினும் மிகுதியாக விரும்பியவர், தம் கண்முன் நிகழ்ந்தது அத்தகைய மாற்றம் அன்று என்பதை மறைக்காமல் குறித்து வைத்தார். அறிவியலின் வரலாற்றில் இதைவிடப் பெரிய நேர்மையைக் காண்பது அரிது என்றே நான் கருதுகிறேன்.

இனி இது அறிஞர்களின் வியப்பு என்ற நிலையிலிருந்து அரசாங்கத்தின் தொழிலாக மாறிய காலத்துக்கு வருவோம். வடக்குச் சோங் அரசு சீனத்தை ஆண்ட பதினோராம் நூற்றாண்டு, செப்புக்காசுகளின் காலம். 1080-ஆம் ஆண்டை ஒட்டி ஆண்டொன்றுக்கு 50 இலட்சம் சரங்களுக்கு மேல் காசு அச்சிடப்பட்டது. ஒரு சரம் என்பது பெயரளவில் 1,000 காசு. படைவீரனுக்குச் சம்பளமும் குடியானவனின் வரியும் காசாகவே நடமாடின. ஆகவே செம்பு குறைந்தால் அரசே தள்ளாடும். சுரங்கங்களோ நாளுக்கு நாள் ஆழமாகிக் கொண்டிருந்தன.

அந்நூற்றாண்டின் பேரறிஞர் ஷென் குவோ. சின்சோ வட்டாரத்துச் சியன்ஷானில் உள்ள ஒரு கசப்பு ஊற்றைப் பற்றி அவர் எழுதியிருக்கிறார். அவ்வூற்று நீரைக் காய்ச்சினால் துருசு கிடைக்கும். துருசை இரும்புச் சட்டியிலிட்டு நெடுநாள் காய்ச்சினால் சட்டியே செம்பாகிவிடும் என்பது அவர் கூற்று. தம் நாட்டார் போற்றிய ஐந்து மூலப்பொருள் கொள்கையைக் கொண்டு இதற்குக் காரணம் சொல்லவும் அவர் முயன்றார்.

காரணம் எதுவாயினும் காரியம் நடக்கிறது அல்லவா? அதனைத் தொழிலாக்கும் வகையைத் தேசிங் என்னும் ஊரைச் சேர்ந்த ஜாங் சியன் என்பவர் வகுத்து ஒரு நூலும் எழுதினார். அந்நூல் மறைந்துவிட்டது, ஆனால் செய்முறை சோங் அரசின் வரலாற்று ஏடுகளில் எஞ்சி நிற்கிறது. வார்ப்பிரும்பை மெல்லிய தகடுகளாக அடிப்பார்கள். ஊற்று நீர் ஓடும் தொட்டிகளில் அத்தகடுகளை வரிசையாக அடுக்கிச் சில நாள் ஊறவிடுவார்கள். தகடு மெலியும், அதன் மேல் செம்மண் போன்ற ஒரு பொடி பூக்கும். அதைச் சுரண்டி எடுத்து உலையிலிட்டு மும்முறை உருக்கினால் செம்பு கிடைக்கும். ஊற்றில்லாத இடங்களில், துருசு ஊறிய மண்ணை வெட்டிக் குவித்து, அதன்மேல் நீரூற்றி வடித்து, அந்த வடிநீரில் இரும்பை இடுவதும் உண்டு.

அந்த ஏடுகள் ஒரு கணக்கையும் தருகின்றன. இரண்டேகால் பங்கு இரும்பு செலவிட்டால் ஒரு பங்கு செம்பு கிடைக்கும் என்பதே அக்கணக்கு. இதனை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் இதனைக் கொண்டே உண்மையைச் சோதிக்கப் போகிறோம்.

இப்போது ஐரோப்பாவுக்குச் செல்வோம். இன்று ஸ்லோவாக்கியா என்று வழங்கும் நாட்டில் பான்ஸ்கா பிஸ்த்ரித்சா நகருக்கு அருகே ஒரு சிறிய மலையூர் இருக்கிறது. ஸ்பானியா டோலினா என்பது அதன் பெயர். பதினேழாம் நூற்றாண்டில் அது அங்கேரி அரசைச் சேர்ந்திருந்தது. ஜெர்மானியர் அதனை ஹெரன்குருண்ட் என்று அழைத்தனர். அங்குள்ள பழைய செப்புச் சுரங்கங்களில் ஊறிய நீலநிற நீரில் இரும்புத் துண்டுகளைப் போட்டு வைத்தால் சில வாரங்களில் அவை செம்பாகிவிடும் என்ற புகழ் ஐரோப்பா எங்கும் பரவியது. 1669-ஆம் ஆண்டில் அவ்வூருக்குச் சென்ற எட்வர்டு பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர் தாம் கண்ட ஊற்றுகளைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அவ்வூர்க் கைவினைஞர்கள் இப்புகழைத் தக்க முறையில் பயன்படுத்திக் கொண்டார்கள். ஊற்றுச் செம்பைக் கொண்டு சிறு கிண்ணங்கள் செய்து, பொன்முலாம் பூசி, முன்பு இரும்பாக இருந்த நான் இப்போது செம்பானேன் என்று அக்கிண்ணமே பேசுவது போன்ற வாசகங்களை அவற்றில் பொறித்தார்கள். கிண்ணத்துக்குள் சுரங்கத் தொழிலாளியின் சிறிய உருவத்தை நிறுத்துவதும் உண்டு. சீமான்கள் அவற்றை விரும்பி வாங்கினர். ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் அவற்றை இன்றும் காணலாம்.

இங்கே நாம் சிறிது நின்று சிந்திக்க வேண்டும். இரும்பு செம்பானது என்று நம்பியவர்களை மூடர்கள் என்று எண்ணிவிடலாகாது. அவர்கள் கண்டதென்ன? நீரில் ஒரு குதிரை லாடத்தைப் போட்டார்கள். சில வாரங்கள் கழித்து, லாடத்தின் வடிவிலேயே செம்பு கிடைத்தது, இரும்பைக் காணவில்லை. போட்டது ஒன்று, எடுத்தது ஒன்று. இடையே ஒருவரும் கை வைக்கவில்லை. கண்ணை நம்புகிறவன் வேறு என்ன முடிவுக்கு வருவான்? மேலும் இந்த நம்பிக்கையின் பின்னே பெரியதொரு ஆசை நின்றது. இரும்பு செம்பாகக் கூடுமானால் செம்பு வெள்ளியாவதற்கும் வெள்ளி பொன்னாவதற்கும் தடை என்ன? வாதிகள் தம் கொள்கைக்குச் சான்றாகக் காட்டியது இந்த ஊற்றுகளைத்தான். அந்தச் சான்றை நம்பிப் பொன் செய்யும் அடுப்புகளில் பொருளைக் கொட்டியவர்களும் உண்டு. பொன் செய்வதாக வாக்களித்து, செய்ய இயலாமல் அரசர்களின் தண்டனைக்கு ஆளானவர்களும் உண்டு. ஆகவே ஊற்றின் கேள்வி வெறும் வேடிக்கைக் கேள்வி அன்று. பல குடும்பங்களின் வாழ்வும் தாழ்வும் அதில் அடங்கியிருந்தன.

கண் சொன்ன விடையைத் தராசு மாற்றியது. ஆஞ்செலோ சாலா என்பவர் இத்தாலியில் விசென்சா நகரில் பிறந்த மருத்துவர். 1617-ஆம் ஆண்டில் அவர் துருசைப் பற்றிய ஆராய்ச்சியொன்றை வெளியிட்டார். அவர் கையாண்ட முறை மிக எளியது. நிறுத்த செம்பையும் கந்தகத் திராவகத்தையும் நீரையும் கொண்டு தாமே துருசைச் செய்தார். நிலத்தில் விளைந்த துருசுக்கும் அவர் செய்த துருசுக்கும் வேறுபாடில்லை. பின்னர் அந்தத் துருசிலிருந்தே செம்பைத் திரும்ப எடுத்துக் காட்டினார். உள்ளே வைத்த செம்புதான் வெளியே வந்தது. அவ்வாறாயின் ஊற்று நீரில் இரும்பின்மேல் படியும் செம்பும் முன்னமே அந்நீரில் கரைந்திருந்த செம்பே அல்லவா?

அடுத்த கேள்வி இயல்பாகவே எழுகிறது. செம்பு நீரிலிருந்து வந்தது சரி. இரும்பு எங்கே போயிற்று? ஹாம்பர்க் நகரில் ஆசிரியராக இருந்த யோவாக்கிம் யுங்கியுஸ் போன்றோர் இதற்கு விடை தந்தனர். இரும்பு அழியவில்லை, செம்பு விட்டுச் சென்ற இடத்தில் இரும்பு போய் அமர்ந்துகொண்டது. அணுவுக்கு அணு நடந்த பண்டமாற்று இது. சான்று வேண்டுமாயின், எஞ்சிய நீரைக் காய்ச்சிப் பாருங்கள்; நீலத் துருசு கிடைக்காது. நம் நாட்டு மருந்துக்கடைகளில் அன்னபேதி என்று விற்கும் பச்சை உப்பு கிடைக்கும். அன்னபேதி இரும்பின் உப்பு. நீர் நீலத்திலிருந்து பசுமையாக மாறியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அந்த நீரையும் ஒரு சாட்சியாகக் கொண்டு விசாரிக்கவேண்டும் என்பதுதான் ஒருவருக்கும் தோன்றாமல் இருந்தது. தகட்டையே பார்த்தவர்கள் மாற்றத்தைக் கண்டார்கள். தொட்டி முழுவதையும் பார்த்தவர்கள் உண்மையைக் கண்டார்கள்.

நியூட்டன் இதனை மேலும் விரிவாக்கினார். ஒளியியல் பற்றிய தம் நூலின் இறுதியில் அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்றில் உலோகங்கள் ஒன்றையொன்று வெளியேற்றும் வரிசையைச் சொல்கிறார். வெள்ளியின் கரைசலில் செம்பை இட்டால் வெள்ளி விழும்; செம்பின் கரைசலில் இரும்பை இட்டால் செம்பு விழும். ஒவ்வோர் உலோகத்தையும் திராவகம் வெவ்வேறு வலிமையுடன் பற்றியிருக்கிறது என்பது அவர் கருத்து. வாதக் கலையில் அவரே ஆழ்ந்து ஈடுபட்டவர். 1696-ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தின் நாணயச் சாலையில் பணியாற்றியவருங்கூட.

இன்றைய அறிவு இதனை இன்னும் தெளிவாகச் சொல்கிறது. துருசு நீரில் செம்பின் அணு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த நிலையில் உலவுகிறது. இரும்புக்கு எலெக்ட்ரான்களை விட்டுக்கொடுக்கும் இயல்பு மிகுதி. இரும்பு இரண்டைக் கொடுக்கிறது. செம்பு இரண்டைப் பெறுகிறது. கொடுத்த இரும்பு கரைகிறது. பெற்ற செம்பு உலோகமாகி விழுகிறது. எலெக்ட்ரான் பெற்று உலோக நிலைக்குத் திரும்புவதையே இரசாயன நூல்கள் ஒடுக்கம் என்று சொல்கின்றன. கரைசலிலிருந்து ஒடுக்கத்தால் விழும் உலோகம் கட்டியாக விழுவதில்லை. எண்ணற்ற இடங்களில் ஒரே சமயத்தில் சிறு சிறு மணிகளாகப் பிறப்பதால் அது பொடியாகவே கிடைக்கிறது.

இப்போது சோங் அரசின் கணக்குக்குத் திரும்புவோம். இரும்பின் அணுவெடை ஏறத்தாழ 56. செம்பின் அணுவெடை ஏறத்தாழ 63.5. ஆகவே அணுவுக்கு அணு மாற்றம் நிகழ்ந்தால் 56 பங்கு இரும்பு 63.5 பங்கு செம்பைத் தரவேண்டும். இட்டதைவிட எடுப்பது சிறிது மிகுதியாகவே இருக்கவேண்டும். ஆனால் சீனத் தொழிலாளிக்கு இரண்டேகால் பங்கு இரும்புக்கு ஒரு பங்கு செம்பே கிடைத்தது. மிகுதி இரும்பு எங்கே? ஊற்று நீரிலுள்ள திராவகம் ஒரு பகுதியைத் தின்றது. நீரில் முன்னமே துருவேறிய நிலையில் கரைந்திருந்த இரும்பு, புதிய இரும்பில் மற்றொரு பகுதியைக் கரைத்துக்கொண்டது. சுரண்டும்போது செம்புடன் உதிர்ந்து கலந்த இரும்பு, உலையில் கசடாகப் போயிற்று. இரும்பு செம்பாக மாறுவது உண்மையாயின், இந்தக் கணக்கு மாறுதலின் குறையைக் காட்டுவதாகத் தோன்றும். பண்டமாற்று என்று அறிந்தபின் ஒவ்வொரு சேரின் செலவுக்கும் காரணம் விளங்குகிறது. காரணம் விளங்கினால் செலவைக் குறைக்கவும் வழி பிறக்கிறது. உண்மையை அறிவதால் பயன் என்ன என்று கேட்போருக்கு இதுவே விடை.

வாதம் பொய்த்ததனால் ஊற்றுகளின் மதிப்பு குறையவில்லை, மாறாக வளர்ந்தது. 1752-ஆம் ஆண்டில் அயர்லாந்தின் விக்லோ மாவட்டத்துச் செப்பு ஊற்றுகளைப் பற்றி வில்லியம் ஹென்றி என்பவர் இலண்டன் ராயல் சங்கத்துக்கு எழுதினார். வேல்ஸ் நாட்டை ஒட்டிய ஆங்கிள்சி தீவில், பாரிஸ் மலை என்னும் இடத்தில், 1768-ஆம் ஆண்டு மார்ச்சு 2-ஆம் நாள் பெரிய செப்புப் படிவம் அகப்பட்டது. ஆங்கிலேயரின் போர்க்கப்பல்களுக்கு அடியில் செப்புத்தகடு வேயத் தொடங்கியிருந்த காலம் அது; செம்புக்கு அளவற்ற தேவை. அம்மலையில் கல்லை வெட்டி உருக்கியதோடு நில்லாமல், சுரங்கத்து நீரையெல்லாம் வரிசை வரிசையான தொட்டிகளில் தேக்கி, பழைய இரும்பைக் கொட்டி, அவ்வப்போது கிளறிவிட்டு, அடியில் தங்கிய செஞ்சேற்றை அள்ளிக் காயவைத்து உலைக்கு அனுப்பினார்கள். 1787-ஆம் ஆண்டு முதல் அச்சுரங்கத்தார் தம் பெயரிலேயே செப்புக்காசுகளையும் வெளியிட்டார்கள். நிலத்தடி வேலைகள் நின்றபின்னும் அங்கே நீரிலிருந்து செம்பு எடுப்பது நெடுங்காலம் தொடர்ந்தது. ஸ்பெயினின் ரியோ டிண்டோவிலும் இம்முறை பேரளவில் நடைபெற்றது.

ஆனால் இம்முறைக்கு ஒரு குறை உண்டு. செம்பைப் பெறுவதற்கு இரும்பை இழக்கவேண்டும். அதற்கு மேலும் ஒரு தொல்லை: விழுந்த பொடியில் இரும்பும் மண்ணும் கலந்திருக்கும், ஆகவே அதனைச் சேறு என்றே கருதி மீண்டும் உருக்கினார்கள். இரும்பைத் தவிர வேறு பொருளால் உலோகத்தை விழச்செய்ய முடியாதா? அவ்வாறு விழும் பொடி தூயதாக இருக்காதா?

இவ்வழியில் மைக்கேல் ஃபாரடே செய்த சோதனை மறக்கத்தக்கதன்று. 1857-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் ராயல் சங்கத்தில் அவர் அதனை விரித்துரைத்தார். பொன்னின் உப்பு கரைந்த மெல்லிய நீரைப் பாஸ்பரசால் ஒடுக்கினார். பொன் விழவில்லை, நீர் மாணிக்கம் போல் சிவந்தது. அச்சிவப்பு பொன்னின் துகள்களே, ஆனால் அவை கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் எட்டாத அளவு சிறியவை என்று அவர் முடிவு கட்டினார். இருளான அறையில் ஓர் ஒளிக்கற்றையை அந்நீரில் செலுத்தி, ஒளி செல்லும் பாதை துலங்குவதைக் காட்டினார். அவர் செய்த பொன்நீர்க் குப்பிகள் சில இலண்டன் ராயல் நிறுவனத்தில் இன்றும் காக்கப்பட்டு வருகின்றன. ஒடுக்கும் பொருளையும் நீரின் செறிவையும் மாற்றினால் பொடியின் பருமனையும் மாற்றலாம் என்ற பேருண்மை இவ்வாறு புலப்பட்டது.

ஏறக்குறைய அதே ஆண்டுகளில் ரஷ்ய நாட்டு இரசாயன அறிஞர் நிக்கோலாய் பெக்கேத்தோவ் வேறொரு வழியைத் திறந்தார். ஹைட்ரஜன் வாயுவை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தினால், வெள்ளி போன்ற உலோகங்கள் தம் கரைசலிலிருந்து விழுகின்றன என்று அவர் 1859-ஆம் ஆண்டில் காட்டினார். இங்கே எலெக்ட்ரானைக் கொடுப்பது ஒரு வாயு. வாயு பொடியுடன் கலந்து அதனைக் கெடுப்பதில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பாத்தியேவ் இதனை மேலும் ஆராய்ந்தார். ஆயினும் இது நெடுநாள் ஆய்வுக்கூடத்து வித்தையாகவே இருந்தது. காரணம் உண்டு. ஹைட்ரஜன் எலெக்ட்ரானைக் கொடுத்தபின் திராவகமாக நீரில் தங்குகிறது. திராவகம் மிகுந்தால் நிக்கல் போன்ற உலோகங்கள் விழ மறுக்கின்றன.

இத்தடையைக் கடந்த பெருமை கனடா நாட்டைச் சேரும். மானிட்டோபா மாகாணத்தின் வட பகுதியில் லின் ஏரி என்னும் இடத்தில் ஷெரிட் கார்டன் கம்பெனியார் நிக்கல் தாது கண்டார்கள். அதனை உருக்காமலே நிக்கலைப் பிரிக்கும் வழியைப் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் ஃபார்வர்டு ஆராய்ந்தார். உக்ரேனில் பிறந்து கனடாவில் குடியேறிய மாக்கிவ் என்பவர் அதனைத் தொழிலாக வளர்ப்பதில் முன்னின்றார். அவர்கள் கண்ட உபாயம் அமோனியா. தாதுவை அமோனியா நீரில் காற்றழுத்தத்துடன் கரைத்தார்கள். செம்பை முதலில் நீக்கினார்கள். பின்னர் ஏறத்தாழ 200 பாகை வெப்பத்தில், முப்பது வளிமண்டலங்களுக்கு மேற்பட்ட அழுத்தத்தில், ஹைட்ரஜனைச் செலுத்தினார்கள். பிறக்கும் திராவகத்தை அமோனியா அப்போதைக்கப்போதே தணித்துவிட, நிக்கல் தடையின்றிப் பொடியாக விழுந்தது. ஆல்பர்ட்டா மாகாணத்துச் சஸ்காச்சுவான் கோட்டை என்னும் ஊரில் 1954-ஆம் ஆண்டில் இத்தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. தணிக்கப்பட்ட திராவகம் வீண்போகவில்லை. அது அமோனியம் சல்ஃபேட் என்னும் உரமாயிற்று. நம் உழவர்களுக்கு அறிமுகமான உரந்தான் அது.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. தூய கரைசலில் நிக்கல் தானாகப் பிறக்கத் தயங்கும். பற்றிக்கொள்ள ஒரு கரு வேண்டும். முதலில் மிக நுண்ணிய நிக்கல் மணிகளை உண்டாக்கி அவற்றையே விதையாக வைத்துக்கொள்வார்கள். புதுக் கரைசலை நிரப்பி ஒடுக்குவார்கள். விழும் நிக்கல் அம்மணிகளின்மேல் ஒரு தோலாகப் படியும். நீரை வடித்து மீண்டும் நிரப்புவார்கள். மற்றொரு தோல் படியும். இவ்வாறு பல பத்து முறை செய்ய, மணி வேண்டிய பருமனுக்கு வளர்கிறது. அந்த முதல் விதை மணிகள் பிறப்பதற்கு அவர்கள் கரைசலில் இடும் தூண்டுபொருள் எது என்று நினைக்கிறீர்கள்? அன்னபேதி! ஹெரன்குருண்டின் தொட்டிகளில் இரும்பு போன வழியைக் காட்டிக்கொடுத்த அதே பச்சை உப்பு, கனடாவில் நிக்கல் பிறப்பதற்கு வழி செய்தது.

சேறு என்று இகழப்பட்ட பொடிக்கு இதனால் புது மதிப்பு வந்தது. பொடியை உருக்காமலே உருளைகளிடையே அழுத்தித் தகடாக்கினார்கள். அத்தகட்டிலிருந்து நாணய வில்லைகள் வெட்டினார்கள். நீரிலிருந்து விழுந்த பொடி சோங் அரசில் காசாயிற்று. ஒன்பது நூற்றாண்டு கழித்துக் கனடாவிலும் காசாயிற்று. லின் ஏரியின் நிக்கல் சுரங்கம் 1976-ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அதன் பின்னும் ஆலை வேறு தாதுக்களைக் கொண்டு நடந்தது. 1990-களில் கியூபா நாட்டு மோவாவிலிருந்து அதற்குத் தாதுப்பொருள் வந்தது. செம்பைப் பொறுத்தவரை, இரும்பிடும் பழைய முறை மங்கிவிட்டது. 1968-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில், கரைப்பான்களால் செம்பைப் பிரித்து மின்சாரத்தால் படியச்செய்யும் முறை தொழிலளவில் தொடங்கியது. பின்னர் உலகெங்கும் பரவியது. மின்சாரமும் எலெக்ட்ரானையே தருகிறது. இரும்புக்குப் பதில் கம்பி வழியாகத் தருகிறது, அவ்வளவே.

இந்த நீண்ட வரலாற்றை எண்ணும்போது என் உள்ளத்தில் ஓங்கி நிற்பது ஒன்றே. கத்தியின் செந்நிறத்தைக் கண்ட எல்லோருக்கும் கண் ஒன்றாகவே இருந்தது. விருப்பத்தைக் கொண்டு பார்த்தவர்கள் பொன்னைத் தேடிச் சென்றார்கள். நிறுத்துப் பார்த்தவர்களும் எஞ்சிய நீரைக் காய்ச்சிப் பார்த்தவர்களும் பொன் செய்யவில்லை. ஆனால் உலகுக்குச் செம்பும் நிக்கலும் உரமும் தந்தார்கள். ஒரு பொருள் மற்றொன்றாக மாறிவிட்டது என்று எவரேனும் நம்மிடம் சொல்லும்போது, வந்தது எங்கிருந்து வந்தது, போனது எங்கே போயிற்று என்று இரண்டு கேள்விகள் கேட்போமாக. இரண்டுக்கும் விடை கிடைத்தபின் நம்புவதில் தவறில்லை.